உப்புக் காற்றுக்குத் தாங்கும் கடை போர்டு எது?

கேள்வி:

வேதாரண்யத்தில் பஸ் போகிற சாலையில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போர்டு முழுக்க வெயில்தான். கடை முகப்பு 10 அடி என்பதால் 10 அடிக்கு 3 அடி போர்டு. முதலில் 2,800 ரூபாய்க்கு ஃபிரேம் அடித்து ஃப்ளெக்ஸ் போட்டோம். 14 மாதத்தில் சாயம் வெளுத்து ஓரம் கிழிந்துவிட்டது. அடுத்து 5,400 ரூபாய்க்கு சன்போர்டு. மெரூன் கலர் பின்னணி, வெள்ளை எழுத்து. 20 மாதம் ஆகிறது. இரண்டு கோடைக்குள் அப்பளம் மாதிரி நெளிந்து நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. இப்போது ஏசிபி ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து தூக்கி ஒட்டி, உள்ளே லைட் வைத்துத் தர 19,500 கேட்கிறார்கள். என் தம்பி, தகரத்தில் பெயின்டரை வைத்து எழுதினால் 6,500-க்குள் முடியும் என்கிறான். வீட்டுக்காரரோ மறுபடி ஃப்ளெக்ஸே போடு, கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். என் கையில் இருப்பது 12,000. இந்த உப்புக் காற்றுக்கு எந்த ஷீட் மலிவாகவும் இருக்கும், நிற்கவும் செய்யும்?

- வாசகி, வேதாரண்யம்

பதில்:

உங்கள் 12,000-க்குள் நல்ல போர்டு போடலாம். 3 மி.மீ. ஏசிபி ஷீட் வாங்குங்கள். ஆனால் 10 அடி வேண்டாம், 8 அடி போதும். தூக்கி ஒட்டும் எழுத்தும் உள் லைட்டும் இப்போதைக்கு வேண்டாம். வினைல் வெட்டி ஒட்டுங்கள், நம் பக்கம் ரேடியம் கட்டிங் என்பார்களே, அது. அதில் மிச்சமாகும் பணத்தை ஸ்க்ரூ, ஃபிரேம், ஆங்கர் போல்ட் மூன்றிலும் போடுங்கள். வேதாரண்யத்தில் ஒரு போர்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விவரமாக எழுதுகிறேன். போர்டு போடுகிறவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் இதில் நிறைய இருக்கின்றன.

முதலில் பழைய இரண்டு போர்டுகளும் ஏன் போயின என்று பார்ப்போம். ஃப்ளெக்ஸ் என்பது பாலியஸ்டர் நூல் வலையின் மேல் மென்மையான பிவிசி பூசிய துணி. அந்த பிவிசி விறைக்காமல் இருக்க அதில் ஒரு எண்ணெய்ப் பசை கலந்திருக்கும். வெயிலில் அந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பிறகு துணி விறைக்கும், காற்று அடிக்க அடிக்க ஆணி அடித்த ஓரத்தில் வாய் பிளக்கும். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய், நீலம் மட்டும் கடைசிவரை நிற்கும். பழைய ஃப்ளெக்ஸ் படங்களில் எல்லோர் முகமும் நீலம் பூத்து நிற்பது இதனால்தான். மேற்குப் பார்த்த சுவரில் 14 மாதம் நின்றது குறைவே இல்லை.

சன்போர்டு என்று நாம் சொல்வது நுரையாக ஊதிய பிவிசி பலகை. வெட்டுவதற்கு எளிது, எடை இல்லை, அச்சும் ஸ்டிக்கரும் அழகாக உட்காரும். கடைக்குள்ளே மாட்டுவதற்கு அதைவிட நல்ல மலிவான ஷீட் கிடையாது. ஆனால் 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே பிவிசி தளர ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் வெள்ளைப் பலகையாக இருந்திருந்தால் அவ்வளவு சூடு ஏறியிருக்காது. நீங்கள் போட்டது மெரூன். அடர்ந்த நிறம் வெயிலைக் குடித்துக்கொள்ளும். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே பலகையின் சூடு 35 டிகிரி ஏறினால், 10 அடி சன்போர்டு ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். நாலு பக்கமும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் அந்த 7 மி.மீ. எங்கே போகும்? முன்னால் வயிறு தள்ளும். சூட்டில் தளர்ந்த நிலையில் அந்த வளைவோடு ஆறிவிட்டால், பிறகு எதை வைத்து அழுத்தினாலும் பழையபடி நேராகாது. நிறமும் பொருத்திய விதமும்தான் அந்தப் போர்டைக் கெடுத்தன. வெள்ளைப் பின்னணியில், தாராளமான ஓட்டை போட்டு மாட்டியிருந்தால் இன்னும் ஒரு வருடமாவது கூட நின்றிருக்கும்.

வீட்டுக்காரர் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் 2,800-ஐ 14 மாதத்தால் வகுத்தால் மாதம் 200 ரூபாய். சன்போர்டு 5,400-ஐ 20-ஆல் வகுத்தால் 270. ஏசிபி போர்டை 12,000-க்குள் முடித்து, என் அனுபவத்தில் கடலோரத்தில் ஒழுங்காகப் பொருத்திய போர்டு நிற்கிற 7 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 143. மலிவு எது என்பதைச் சதுர அடி விலையை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை போர்டு மாற்றும்போதும் ஏணி, கூலி, ஒரு நாள் கடை அடைப்பு என்று வருகிற செலவு இந்தக் கணக்கில் இல்லை.

இனி ஏசிபி பற்றி. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎதிலின் பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய ஷீட் அது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஏசிபியும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். விலை வித்தியாசம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: அலுமினியத்தின் கனம், மேல் பூச்சு, ஒட்டின் தரம். 3 மி.மீ. ஷீட் என்றால் மொத்தக் கனம்தான் 3 மி.மீ. அதில் ஒரு பக்கத்து அலுமினியம் 0.25 மி.மீ. இருக்கலாம், அதில் பாதிகூட இல்லாமலும் இருக்கலாம். போர்டு வேலைக்கு 0.25 இருந்தால் நல்லது. கடைக்காரரிடம் ஒரு வெட்டுத் துண்டு கேளுங்கள். கட்டரால் ஓரத்தைக் கீறி, குறட்டால் அலுமினியத் தோலைப் பிடித்து இழுங்கள். நல்ல ஒட்டாக இருந்தால் முரண்டு பிடித்து, நடுப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்டிக்கரை உரிப்பதுபோல் வழவழவென்று ஒரே இழுப்பில் வந்துவிட்டால் அந்த ஷீட்டை வைத்துவிட்டு வாருங்கள். உரித்த தோலை, பக்கத்து லேத் பட்டறையில் ஸ்க்ரூ கேஜில் வைத்து அளக்கச் சொன்னால் கனம் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

பூச்சில் இரண்டு வகை. பாலியஸ்டர் பூச்சு உள் வேலைக்கு, பிவிடிஎஃப் பூச்சு வெளி வேலைக்கு. பில்லில் "பிவிடிஎஃப்" என்று எழுதி வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். மேற்கு வெயிலுக்கு அந்தக் கூடுதல் தேவை.

அளவுக்கு வருகிறேன். உங்கள் பணம் உண்மையில் மிச்சமாகப் போவது இங்கேதான். ஏசிபி எந்தக் கடையிலும் சுலபமாகக் கிடைப்பது 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக. 10 அடிக்கு 3 அடி போர்டு வேண்டுமென்றால் இரண்டு ஷீட் வாங்க வேண்டும். 30 சதுர அடி போர்டுக்கு 64 சதுர அடிக்குக் காசு. நடுவில் ஒரு ஒட்டு வேறு. மழைத் தண்ணீரும் உப்பும் முதலில் நுழைவது அந்த ஒட்டில்தான். 8 அடிக்கு 3 அடி என்று மாற்றிக்கொண்டால் ஒரே ஷீட், ஒட்டே கிடையாது. 10 அடி முகப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி விட்டு நடுவில் நின்றால் பார்வைக்கும் அழகாக இருக்கும். மிஞ்சுகிற 8 அடிக்கு 1 அடித் துண்டை இரண்டாக வெட்டினால் 4 அடி உயரத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஷட்டருக்கு இரண்டு பக்கமும் அவற்றை நிறுத்தி, ஒன்றில் "பிளவுஸ், சுடிதார்", மற்றதில் "ஃபால்ஸ், ஆல்டரேஷன்" என்று எழுதிவிடுங்கள். மேல் போர்டில் கடைப் பெயருக்கும் போன் நம்பருக்கும் நிறைய இடம் கிடைக்கும்.

ஷீட்டை அப்படியே தட்டையாக வைத்து முகத்தில் ஸ்க்ரூ அடிப்பவர்கள் உண்டு. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் திறந்து நிற்கும். உப்பு ஈரம் அங்கே உட்கார்ந்து, பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் கோடு கோடாக அரித்துக்கொண்டு போகும். நாலு பக்கமும் ஓர் அங்குலம் பின்னால் மடித்து, தாம்பாளம் கவிழ்த்ததுபோல் செய்யச் சொல்லுங்கள். ரூட்டரில் பின்பக்கம் வி வடிவத்தில் பள்ளம் எடுத்து மடிப்பார்கள். பள்ளம் கொஞ்சம் ஆழமாகிவிட்டால் மடிப்பின் முதுகில் மயிரிழை வெடிப்பு விழும். மாட்டுவதற்கு முன் நகத்தால் மடிப்பை ஓரம் முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்காவது வெள்ளி மின்னினால் அந்த இடத்தில் அடுத்த மழைக்காலமே அரிப்பு ஆரம்பமாகும். அதை மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை.

தம்பி சொன்ன தகரத்தையும் நான் தள்ளவில்லை. நான் தொழில் கற்றதே தகரத்தில்தான். நல்ல பெயின்டர் கைபட்ட எழுத்துக்கு இருக்கும் உயிர் எந்த மெஷினிலும் வராது. அவர்களுக்கு வேலை கொடுக்க இப்போது ஆள் குறைந்துவிட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் தகரத்தில் பெரும்பாலும் நடக்கிற ஒரு தவறு இருக்கிறது. நாம் தகரம் என்று வாங்குவது ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. புது ஜிஐ ஷீட்டின் மேல் நேராக எனாமல் அடித்தால், எனாமலில் இருக்கும் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து நாளடைவில் சோப்புபோல் ஒரு படலம் உண்டாகும். பெயின்ட் தாள் தாளாக உரிந்து விழும். கீழே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன் என்பார்கள். அது வெறும் இரும்புக்கான பிரைமர், துத்தநாகத்தின் மேல் பிடிக்காது. எட்ச் பிரைமர் அடித்து அதன் மேல் எனாமல் அடித்தால் பல வருடம் நிற்கும். கனம் கேட்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள்: கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். 26-ஐ விட 22 கேஜ் கனமானது. 24 கேஜைவிட மெலிந்ததை எடுக்காதீர்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் இரும்பு எப்படியும் ஒரு நாள் துரு பிடிக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சுரண்டிப் புது பெயின்ட் அடிக்கத் தயார் என்றால் தகரம் நல்ல தேர்வு.

போர்டுக் கடையில் யாரும் சொல்லாத இன்னொரு ஷீட் உண்டு. கூரை போடுகிற கடைக்குப் போங்கள். நீலமும் பச்சையுமாகக் கூரைக்குப் போடுகிறார்களே, கலர் கோட்டிங் ஷீட், அதையே அலை இல்லாமல் தட்டையாக, பிளைன் ஷீட் என்று கேட்டால் தருவார்கள். கூரை முகட்டுக்கும் ஓரத்துக்கும் மடிக்க வைத்திருப்பது அது. இரும்புத் தகட்டின் மேல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, அதில் அலுமினியமே 55 சதவீதம். அதன் மேல் சூளையில் சுட்ட பெயின்ட். வெறும் ஜிஐயைவிட இது உப்புக் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். 4 அடி அகலச் சுருளிலிருந்து வேண்டிய நீளம் வெட்டித் தருவதால் உங்கள் 10 அடியும் ஒட்டில்லாமல் கிடைக்கும். குறை என்னவென்றால் தகடு அரை மி.மீ. அளவுதான். பின்னால் 2 அடிக்கு ஒரு பைப் கொடுக்காவிட்டால் எண்ணெய் டின்போல் பொம்மிக்கொள்ளும். வெட்டிய விளிம்பு துரு பிடிக்கும் என்பதால் அதைப் பின்னால் மடித்துவிட வேண்டும். 8 அடியாகக் குறைக்க உங்களுக்கு மனமே வரவில்லை என்றால் இதை எடுங்கள். ஏசிபிக்கு அடுத்தபடியாக உங்கள் ஊருக்கு நான் சொல்வது இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு போர்டையும் அக்ரிலிக்கில் போடுவது இந்தப் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. அதுவும் 8 அடிக்கு 6 மி.மீ. நீளும், இறுக்கி ஸ்க்ரூ அடித்தால் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். பாலிகார்பனேட் கல்லெறிக்கும் உடையாது. ஆனால் வெயில் தடுப்புப் பூச்சுள்ள பக்கத்தை வெளியே வைக்காவிட்டால் மஞ்சளாகிவிடும். சன்பேக் எனப்படும் குழல் குழலான ஷீட், வாடகைக்கு விடப்படும் என்று எழுதித் தொங்கவிட மட்டும். பிளைவுட் வேண்டாம்.

இப்போது ஸ்க்ரூவுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் உங்கள் பகுதியில்தான் கரை ஏறியது. அந்த வாரம் விழுந்த போர்டுகளைக் கழற்றவும் திரும்ப மாட்டவும் நான் அந்தப் பக்கம் வந்திருந்தேன். ஒரு மளிகைக் கடை வாசலில் கவிழ்ந்து கிடந்த ஏசிபி போர்டைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. எழுத்துகூட அப்படியே இருந்தது. ஆனால் ஓரத்தில் ஸ்க்ரூ இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் எட்டணாக் காசு அளவுக்கு அலுமினியம் வெள்ளைப் பொடியாகிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது. ஸ்க்ரூக்கள் ஃபிரேமிலேயே நின்றன, தலை மட்டும் துருவாகக் கரைந்து போயிருந்தது. சுவரில் பார்த்தால் ஃபிரேமைத் தாங்கியது மரக்கட்டை அறைந்து அடித்த ஆணி. கட்டை ஊறி, சுருங்கி, ஆணியோடு கையில் வந்தது. அந்தப் போர்டைப் போட்டவரும் ஷீட்டுக்கு நல்ல காசு செலவழித்திருக்கிறார். ஸ்க்ரூவில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்.

காற்றின் பலத்தை ஒரு கணக்காகவே சொல்கிறேன். வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி சென்னைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். உங்கள் கடற்கரைக்கும் அதைக் குறைத்து நினைக்கக் கூடாது. அந்த வேகத்தில் 1,500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. உங்கள் 8 அடிக்கு 3 அடி போர்டுக்கு மொத்தம் 340 கிலோ. ஷீட்டின் எடை 8, 9 கிலோதான். சும்மா நிற்கும்போது ஆணிக்கு வேலையே இல்லாததுபோல் தோன்றும். புயல் நாளில் ஐந்து ஆட்கள் சேர்ந்து தொங்குகிற பாரத்தை அது பிடிக்க வேண்டும். அடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்கள் கடைக்குள் வருபவர்கள் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆகவே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஃபிரேமுக்கு ஓர் அங்குல ஜிஐ ஸ்கொயர் பைப், நடுவில் குறைந்தது மூன்று நிலைக் கம்பி. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அங்கே கசடைத் தட்டி எடுத்துவிட்டு ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். பைப்பின் வாயை அடைத்து, அடிப் பக்கம் சின்ன ஓட்டை ஒன்று விட வேண்டும், உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கு. ஃபிரேமைச் சுவரோடு பிடிக்க எட்டு இடத்தில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட். மேல் வரிசையை ஷட்டருக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் இறக்கச் சொல்லுங்கள். துளை போடும்போது தூள் வெள்ளையும் சாம்பலுமாகக் கடினமாக வர வேண்டும். பூச்சு மணல் பொலபொலவென்று கொட்டினால் இன்னும் ஆழம் போக வேண்டும்.

ஷீட்டை ஃபிரேமில் பிடிக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும். 316 தரம் கிடைத்தால் 316, இல்லையென்றால் 304. காந்தம் ஒட்டாததை வைத்து மட்டும் நம்பிவிடாமல் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று, மடித்த விளிம்பின் வழியே, நைலான் வாஷர் போட்டு. ஓட்டை ஸ்க்ரூவைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், உங்கள் 8 அடி ஏசிபி ஒரு நாள் வெயிலில் 2 மி.மீ. நீண்டு சுருங்கும். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும், ஆகவே இரண்டுக்கும் நடுவே டபுள் சைடு ஃபோம் டேப் ஓட வேண்டும். நடு நிலைக் கம்பிகளில் சிலிக்கான் கோடு வைத்து ஷீட்டின் முதுகைப் பிடிக்க வேண்டும். சிலிக்கான் டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் நிறுத்திவிடுங்கள். அந்த வகையில் கிளம்பும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். "நியூட்ரல்" என்று எழுதியது வேண்டும்.

எழுத்து விஷயத்தில், மெரூனை மறந்துவிடுங்கள். வெள்ளைப் பின்னணி, அடர்நீலம் அல்லது கறுப்பு எழுத்து. சிவப்பு சீக்கிரம் வெளுக்கும், இந்த இரண்டும் நிற்கும். உங்களுக்குச் சிவப்புதான் ராசி என்றால் ஓரத்தில் ஒரு பட்டையாக மட்டும் போடுங்கள். அச்சடித்த ஸ்டிக்கரைவிட, நிறம் உள்ளேயே கலந்த வினைலை வெட்டி ஒட்டியது நீடிக்கும். வினைலில் மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு தரம் கேட்டால் சொல்வார்கள். முதலாவது வெயிலில் சுருங்கி, எழுத்தைச் சுற்றிப் பசைக் கோடு அழுக்குப் பிடித்துத் தெரியும். இரண்டாவதை வாங்குங்கள்.

தமிழ் எழுத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. புள்ளி. க், ம், ன் தலையில் இருக்கிற அந்தச் சின்ன வட்டத்துக்குப் பசைப் பரப்பே கிடையாது. போர்டில் முதலில் உதிர்வது அதுதான். "டெய்லர்ஸ்" என்பது ஒரே வருடத்தில் "டெயலரஸ" ஆகிவிடும். டிசைன் போடுகிறவரிடம் சொல்லி, புள்ளி ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், நடுவில் ஓட்டையில்லாத முழு வட்டமாக வைக்கச் சொல்லுங்கள். கொம்பு, சுழிகளின் நுனியைக் கூராக விடாமல் உருட்டிவிடச் சொல்லுங்கள். கூர்முனை காற்றில் முதலில் தூக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் 40 அடி தூரத்திலிருந்து படிக்க 4 அங்குல எழுத்து போதும் என்பது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. நம் எழுத்துக்கு மேலும் கீழும் வளைவுகள் உண்டு, 6 அங்குலமாவது வையுங்கள். கடைப் பெயர் 10 அங்குலம் வரட்டும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆங்கிலமும் வேறு மொழியும் வைத்தால் 5, 3, 2 என்ற அளவு.

ஒட்டுவதற்கு முன் ஷீட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெயில் ஏறாத காலையில் ஒட்டுவது நல்லது. ஏசிபி மேல் வருகிற பாதுகாப்பு பிலிமை மாட்டிய அன்றே முழுக்க உரித்துவிடச் சொல்லுங்கள். பளபளப்பு போகாமல் இருக்கட்டும் என்று ஓரத்தில் விட்டுவைத்தால், வெயிலில் அதன் பசை வெந்து ஷீட்டோடு ஒன்றிவிடும். பிறகு நகத்தைப் பெயர்த்தாலும் வராது.

லைட் வேண்டுமென்றால் போர்டுக்கு வெளியே, மேலிருந்து கீழே அடிக்கிற மாதிரி மழைக்குத் தாங்கும் எல்இடி ஃபிளட் லைட் ஒன்று போதும். போர்டின் முதுகுக்குப் பின்னால் வயர் ஜாயின்ட் எதுவும் கூடாது. ஏசிபியின் நடுவில் இருக்கும் பாலிஎதிலின் தீப்பிடித்து எரியக்கூடியது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்ததற்குக் கட்டடத்தின் வெளிச்சுவரில் போர்த்தியிருந்த இந்த வகை ஷீட்தான் முக்கியக் காரணம். ஒரு கடை போர்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் துணி நிறைந்த கடை உங்களுடையது, ஒரு பொறிகூட அங்கே வரக் கூடாது.

விலை பேசும்போது மொத்தமாக ஒரு தொகை கேட்காமல் ஷீட், ஃபிரேம், எழுத்து, பொருத்தும் கூலி என நான்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 19,500-இல் எழுத்துக்கும் லைட்டுக்கும் எவ்வளவு போகிறது என்று அப்போது தெரியும். இரண்டு வருடம் கழித்து வியாபாரம் கூடினால் இதே ஷீட்டின் மேல் அக்ரிலிக் எழுத்தை ஒட்டிக்கொள்ளலாம். போர்டை மாற்ற வேண்டியதில்லை.

மாட்டிய பிறகு மாதம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மழைதான் கழுவிவிடுகிறதே என்று விடாதீர்கள். உங்கள் போர்டு சன்ஷேடுக்கு அடியில் இருக்கிறது என்றால் அதன் மேல் விளிம்பில் மழை படாது, அங்கே உப்பு தங்கிக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் அரிப்பு முதலில் வருவது மழை படாத இடத்தில்தான். ஒரு வாளித் தண்ணீர், மெத்தென்ற துணி, கொஞ்சம் பாத்திர சோப்பு போதும், தின்னர் கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிப்பதற்குள் தம்பியை ஏணியில் ஏற்றி ஆங்கர் போல்ட் எட்டையும் ஸ்பேனரால் ஒரு தரம் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெளிந்துபோன சன்போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டு, நெளியாத ஓரங்களை 2 அடித் துண்டுகளாக வெட்டினால் கடைக்குள் தையல் கூலிப் பட்டியல் எழுதி மாட்டலாம். நிழலில் அது பல காலம் நேராக நிற்கும்.